கைக்கேற்ற பிடி, காலியான குழல்

2024ஆம் ஆண்டு ஜூலை மாதம் 28ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. எமது கிராமத்து மாதர் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். கூட்டம் நடந்த வீட்டுப் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பரிஸ் ஒலிம்பிக் போட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் வரிசையாகப் பெண்கள் நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கைத்துப்பாக்கி.

எம்மோடு இருந்த அக்கா ஒருவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "உதை நிப்பாட்டுங்கோ பிள்ளையள்" என்று சொல்லிக்கொண்டே முற்றத்துக்குப் போய்விட்டார். அவர் 2009இல் கணவரை இழந்தவர். ஏன் எழுந்து போனார் என்று எவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் எங்களில் ஒருவருக்கும் இருக்கவில்லை.

தையல் வேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்க்கும் இன்னொரு சகோதரியோ திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உது என்ன நிறை இருக்கும்? ஒற்றைக் கையாலை ஆடாமல் அசையாமல் பிடிச்சுக்கொண்டு நிக்கினம்" என்றார்.

துவக்கு என்ற சொல்லே எங்களுக்குப் பயத்தைத் தரும் சொல். அதைப் பற்றி ஒரு மகளிர் சஞ்சிகையில் எழுதத்தான் வேண்டுமா என்று நானும் யோசித்தேன். எழுந்துபோன அக்காவின் பயமும் நியாயமானது. இருந்து பார்த்த சகோதரியின் கேள்வியும் நியாயமானது. இருவருக்குமாகவே இந்தக் கட்டுரை.

இது எந்த வகைத் துப்பாக்கி?

அன்று திரையில் நடந்தது 10 மீற்றர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியின் இறுதிச் சுற்று. இதில் வெடிமருந்து கிடையாது. குழலுக்குக் கீழே பொருத்தப்பட்ட சிறிய உருளையில் அழுத்தி அடைக்கப்பட்ட காற்றுத்தான் சன்னத்தைத் தள்ளுகின்றது. அதனால் வெடியோசையும் இல்லை, புகையும் இல்லை. 'டக்' என்ற ஒரு சிறு சத்தம் மட்டுமே கேட்கும்.

சன்னம் மென்மையான ஈயத்தால் ஆனது. அதன் விட்டம் 4.5 மில்லிமீற்றர், நிறை ஏறத்தாழ அரைக் கிராம். இலக்கின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டம் 11.5 மில்லிமீற்றர் விட்டம் கொண்டது. அதாவது ஒரு சட்டைப் பொத்தான் அளவு. பத்து மீற்றர் தூரத்தில் இருக்கும் அந்தப் பொத்தானை, எதிலும் சாயாமல், ஒரு கையால் மாத்திரம் பிடித்துச் சுட வேண்டும். தகுதிச் சுற்றில் 75 நிமிடங்களுக்குள் 60 தடவை சுட வேண்டும். 2018ஆம் ஆண்டுக்கு முன்னர் பெண்களுக்கு 40 தடவைகளே வழங்கப்பட்டன. இப்போது ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே எண்ணிக்கைதான்.

தையற்காரச் சகோதரியின் கேள்விக்கும் பதில் உண்டு. விதியின்படி இந்தத் துப்பாக்கி 1500 கிராமுக்கு மேற்படக் கூடாது. பெரும்பாலானவை ஒரு கிலோவுக்குக் கிட்டிய நிறையுடையவை. ஒரு கிலோ அரிசிப் பையைக் கையில் எடுத்து, கையைத் தோளுயரத்துக்கு நீட்டி, ஒரு நிமிடம் அசையாமல் நின்று பாருங்கள். அந்தப் பெண்கள் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் என்ன செய்கிறார்கள் என்பது அப்போது விளங்கும்.

பிடி: கைக்கேற்ற செருப்புப் போல

கடையில் வாங்கிய துப்பாக்கியை அப்படியே கொண்டுபோய் எவரும் போட்டியில் சுடுவதில்லை. முதலில் அதைத் தன் உடம்புக்கு ஏற்றபடி சரிக்கட்ட வேண்டும். இந்த வேலை பிடியிலிருந்து தொடங்குகின்றது.

பிடி பெரும்பாலும் மரத்தால் செய்யப்பட்டது. ஒருவருடைய உள்ளங்கை மற்றவருடையதைப் போல இருப்பதில்லை. அதனால் அழுத்தும் இடத்தை அரத்தால் அராவி, அரத்தாளால் தேய்த்துக் குறைப்பார்கள். இடைவெளி உள்ள இடத்தில் மரப்பசை வைத்து நிரப்புவார்கள். ஒரே நாளில் இது முடிவதில்லை. கொஞ்சம் தேய்ப்பது, பிடித்துப் பார்ப்பது, மறுபடியும் கொஞ்சம் தேய்ப்பது என்று வாரக்கணக்கில் நடக்கும். பிடி மணிக்கட்டைச் சுற்றி வளைத்துத் தாங்கிப் பிடிக்கக் கூடாது என்பதும் விதி. கையின் பலத்தைக் கைதான் தர வேண்டும்.

பிடி பொருந்திவிட்டதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கண்ணை மூடிக்கொண்டு வெறுந்துப்பாக்கியை இலக்கை நோக்கி உயர்த்த வேண்டும். பின்பு கண்ணைத் திறக்க வேண்டும். துப்பாக்கியின் முன் குறியும் பின் குறியும் தாமாகவே ஒரே நேரில் நின்றால் பிடி சரி. ஒரு பக்கம் சரிந்து நின்றால் கை தவறு செய்யவில்லை, பிடிதான் தவறு. கையை வளைத்துச் சமாளிக்காமல் பிடியைத்தான் திருத்த வேண்டும்.

ஹங்கேரி நாட்டு இராணுவ வீரர் கரோலி தக்காஸ் தேர்ந்த கைத்துப்பாக்கி வீரராக இருந்தார். 1938இல் பயிற்சியின்போது கைக்குண்டு வெடித்து, சுடும் கையான வலது கையை இழந்தார். யாருக்கும் சொல்லாமல் இடது கையால் பழகினார். 1948இல் லண்டனிலும் 1952இல் ஹெல்சிங்கியிலும் இடது கையால் ஒலிம்பிக் தங்கம் வென்றார். இந்தியாவின் ஜபல்பூரைச் சேர்ந்த ரூபினா பிரான்சிஸ், வாகனம் திருத்துநர் ஒருவரின் மகள். பிறப்பிலிருந்தே காலில் குறைபாடு உள்ளவர். 2024ஆம் ஆண்டு பரிஸ் பராலிம்பிக்கில் 10 மீற்றர் காற்றுக் கைத்துப்பாக்கியில் வெண்கலப் பதக்கம் பெற்றார். செல்லடியில் கையோ காலோ இழந்து, "இனி என்னால் என்ன முடியும்" என்று இருக்கும் சகோதரிகள் எம்மிடையே பலர். உடம்பு மாறிவிட்டால் கருவியை உடம்புக்கு ஏற்றபடி மாற்றலாம். தையல் இயந்திரமானாலும் மண்வெட்டியானாலும் இது பொருந்தும்.

குறியும் விசையும்

குழலின் நுனியில் ஒரு சிறிய கட்டை நிற்கும். அது முன் குறி. பின்னால் நடுவில் வெட்டுள்ள ஒரு தகடு இருக்கும். அது பின் குறி. அந்த வெட்டின் நடுவே முன் குறி நிற்க வேண்டும். இரு பக்கமும் தெரியும் வெளிச்சம் சமனாகவும், மேல் விளிம்புகள் ஒரே மட்டமாகவும் இருக்க வேண்டும். கண் இலக்கைப் பார்க்கக் கூடாது, முன் குறியையே கூர்ந்து பார்க்க வேண்டும். இலக்கு சற்று மங்கலாகவே தெரியும். புதிதாகப் பழகுபவருக்கு இதை நம்புவது கடினம்.

இதற்குக் கணக்கு உண்டு. முழுக் கையும் ஒரு மில்லிமீற்றர் நகர்ந்தால் சன்னமும் இலக்கில் ஒரு மில்லிமீற்றர்தான் விலகும். ஆனால் முன் குறி மட்டும் பின் குறிக்கு ஒரு மில்லிமீற்றர் விலகிவிட்டால், பத்து மீற்றர் தூரத்தில் அது ஏறக்குறைய மூன்று சென்ரிமீற்றராகப் பெருகிவிடும். பத்துப் புள்ளி ஏழு புள்ளியாகிவிடும். கை இலேசாக ஆடுவது பெரிய குற்றமில்லை. குறிகள் இரண்டும் ஒன்றையொன்று விட்டு விலகுவதுதான் குற்றம்.

எல்லாச் சன்னங்களும் ஒரே இடத்தில், ஆனால் நடுவுக்கு இடப் பக்கமாக விழுந்தால் பின் குறியைத் திருகாணியால் வலப் பக்கம் நகர்த்த வேண்டும். கீழே விழுந்தால் பின் குறியை உயர்த்த வேண்டும். சன்னம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே பின் குறியும் போக வேண்டும் என்று நினைவில் வைத்தால் போதும். ஒரு சன்னம் தவறியதற்காக எவரும் திருகாணியைத் தொடுவதில்லை. ஐந்து, பத்துச் சன்னங்கள் விழுந்த இடத்தைப் பார்த்த பின்னரே தொடுவார்கள்.

அடுத்தது விசை. காற்றுக் கைத்துப்பாக்கியில் விசையை இழுக்கக் குறைந்தது 500 கிராம் பாரம் தேவை என்பது விதி. போட்டிக்கு முன் நடுவர்கள் இதைச் சோதிப்பார்கள். துப்பாக்கியின் குழலை நேர் மேலாக நிறுத்தி, விசையில் 500 கிராம் படிக்கல்லைக் கொளுவித் தூக்குவார்கள். விசை விடுபடாமல் கல்லைத் தாங்கினால் சரி. பொதுவாக விசைக்கு இரண்டு கட்டம் வைத்திருப்பார்கள். முதல் கட்டத்தில் விரல் இலேசாகப் போய் ஓர் இடத்தில் தடைப்படும். அங்கிருந்து இன்னும் கொஞ்சம் அழுத்தினால் விடுபடும். அந்தத் தடை எங்கே வர வேண்டும், மீதி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதையெல்லாம் சிறு திருகாணிகளால் ஒவ்வொருவரும் தமக்கேற்ப வைத்துக்கொள்வர்.

இதை விளக்கியபோது தையற்காரச் சகோதரி சிரித்தார். "நூல் இறுக்கம் பாக்கிற மாதிரித்தான். அரைச் சுற்றுக் கூடினால் நூல் அறும், குறைஞ்சால் தையல் தொங்கும். ஆரும் வந்து என்ரை மெசினைத் திருகிப்போட்டால் எனக்கு அண்டைக்கு முழுக்க வேலை ஓடாது" என்றார். இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது.

சன்னம் தெரிதல்

போட்டிச் சன்னத்தின் தலை தட்டையானது. கூர்ச் சன்னம் அட்டையைக் கிழித்துக்கொண்டு போகும். தட்டைச் சன்னம் வட்டமாகச் சுத்தமாக வெட்டும். புள்ளியைச் சரியாக அளக்க அது உதவுகின்றது.

எல்லாச் சன்னமும் 4.5 மில்லிமீற்றர் என்றுதான் பெயர். ஆனால் தலையின் விட்டம் ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று வித்தியாசப்படும். ஒரு குழலுக்குப் பொருந்துவது இன்னொரு குழலுக்குப் பொருந்தாது. ஆகவே துப்பாக்கியை மேசையில் பூட்டிய இடுக்கியில் இறுக்கி, ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் பத்துச் சன்னங்களைப் பத்து மீற்றரில் சுட்டுப் பார்ப்பார்கள். எந்தப் பெட்டிச் சன்னங்கள் மிகச் சிறிய வட்டத்துக்குள் விழுகின்றனவோ, அதே தொகுதி இலக்கமுடைய பெட்டிகளை ஒரு பருவத்துக்குப் போதுமான அளவு வாங்கி வைப்பார்கள்.

25 மீற்றர் போட்டியின் துப்பாக்கி வேறு. அது 5.6 மில்லிமீற்றர் ரவையை வெடிமருந்தால் சுடும். அதில் விசையின் பாரம் குறைந்தது 1000 கிராம் இருக்க வேண்டும். அந்த ரவைகளையும் இப்படியே தொகுதி தொகுதியாகச் சோதித்துத்தான் தெரிந்தெடுப்பார்கள். வேகம் கூடிய ரவையை எவரும் தேடுவதில்லை. ஒவ்வொன்றும் ஒரே வேகத்தில் போகும் ரவையையே தேடுவார்கள்.

காற்றுச் சன்னத்தின் பின்பகுதி பாவாடை போல மெல்லியது. கீழே விழுந்தால் நசுங்கிவிடும். நசுங்கியதை ஒதுக்கிவிட வேண்டும். சன்னத்தைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் எதுவும் உண்ணக் கூடாது. ஈயம் உடம்பில் சேரும் நஞ்சு. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அது மிகக் கெடுதி. வலைக்கு ஈயக்கட்டை கோக்கும் எமது கரையோரச் சகோதரிகளும் இதைக் கவனத்தில் கொள்வது நல்லது.

ஒரு சிறு பாகம் உடைந்தபோது

இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்கலாம். அன்று நாங்கள் பார்த்த இறுதிச் சுற்றில் இருந்த இந்திய வீராங்கனை மனு பாக்கரின் கதையே அதற்கு விடை.

2020ஆம் ஆண்டுக்குரிய டோக்கியோ ஒலிம்பிக் கொரோனாவால் பிந்தி 2021இல் நடந்தது. ஜூலை 25ஆம் திகதி தகுதிச் சுற்றில் மனு சுட்டுக்கொண்டிருந்த இடையில் அவருடைய துப்பாக்கியின் ஒரு சிறு பாகம் பழுதடைந்தது. அதைத் திருத்துவதற்குள் கால் மணித்தியாலத்துக்கு மேல் போய்விட்டது. போட்டிக் கடிகாரம் அவருக்காக நிற்கவில்லை. மிகுதியை அவசரமாகச் சுட்டு 575 புள்ளிகளுடன் 12ஆம் இடத்தைப் பெற்றார். இறுதிச் சுற்றுக்கு முதல் எட்டுப் பேர்தான் போகலாம். இரண்டு புள்ளிகளால் வாய்ப்புத் தவறியது. அப்போது அவருக்கு 19 வயது.

மூன்று வருடங்களின் பின், நாங்கள் தேநீர் குடித்த அந்த ஞாயிற்றுக்கிழமை, 221.7 புள்ளிகளுடன் வெண்கலப் பதக்கம் பெற்றார். துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். இரண்டு நாட்களின் பின் சரப்ஜோத் சிங்குடன் கலப்பு அணியில் இன்னொரு வெண்கலமும் பெற்றார். முதற் பதக்கத்தில் அடுத்த நிலைக்குப் போகும் வாய்ப்பு அவருக்கு 0.1 புள்ளியால்தான் தவறியது. 0.1 புள்ளி என்பது இலக்கில் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தூரம். பிடியைத் தேய்ப்பதும் சன்னத்தைப் பொறுக்குவதும் அந்தத் தூரத்துக்காகத்தான்.

மேடையில் இரு பெண்கள்

எனக்கு மறக்க முடியாத கதை வேறொன்று. ஜோர்ஜியா நாட்டின் நினோ சலுக்வாட்சே 1969இல் பிறந்தவர். தந்தையே அவருடைய பயிற்சியாளர். 1988இல் சியோல் ஒலிம்பிக்கில், 19 வயதில், சோவியத் யூனியனுக்காகக் கைத்துப்பாக்கியில் ஒரு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். பின்பு சோவியத் யூனியன் உடைந்தது. ஒரே நாடாக இருந்த இடத்தில் பல நாடுகள் வந்தன.

2008 ஓகஸ்ட் மாதம். பெய்ஜிங் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாட்களில் ஜோர்ஜியாவுக்கும் ரஷ்யாவுக்கும் யுத்தம் மூண்டது. வீட்டில் குண்டு விழும்போது விளையாட்டு எதற்கு என்று ஜோர்ஜிய அணி திரும்பிப் போகவும் யோசித்தது. ஆயினும் நின்றார்கள். ஓகஸ்ட் 10ஆம் திகதி 10 மீற்றர் காற்றுக் கைத்துப்பாக்கியில் ரஷ்யாவின் நத்தாலியா பதேரினா வெள்ளியும் நினோ வெண்கலமும் பெற்றனர். பதக்க மேடையில் இருவரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். யுத்தத்தை நிறுத்துங்கள் என்று நினோ உலகத்தைக் கேட்டுக்கொண்டார்.

அதே ஓகஸ்டில் வன்னியில் எமது பெண்கள் பிள்ளைகளையும் பானை சட்டிகளையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தார்கள். இந்தச் செய்தியைப் படிக்கும் நிலையில் அன்று நாங்கள் இருக்கவில்லை. பல வருடங்களின் பின்னரே அந்தப் படத்தை நான் பார்த்தேன். அந்தத் தழுவலால் யுத்தம் நின்றுவிடவில்லை. ஆனால் கையில் துப்பாக்கியோடு நின்ற இரு பெண்கள், தங்கள் நாடுகள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்த வேளையில், அந்தப் பகையைத் தங்களுக்கிடையில் வர விடவில்லை. 2016இல் றியோ ஒலிம்பிக்கில் நினோவும் அவருடைய மகனும் சேர்ந்து பங்குபற்றினார்கள். 2024இல் பரிஸில் தனது பத்தாவது ஒலிம்பிக்கில் நினோ கலந்துகொண்டார். பத்து ஒலிம்பிக் கண்ட பெண் அவருக்கு முன் எவரும் இல்லை.

காலியான குழல்

முற்றத்துக்குப் போன அக்காவைப் பிறகொரு நாள் சந்தித்தேன். இதையெல்லாம் எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, "எழுதுங்கோ. எனக்கு உதைப் பாக்கேலாது" என்றார். வற்புறுத்தவில்லை. பார்க்க முடியாதவர் பார்க்கத் தேவையில்லை. அது பலவீனம் அல்ல. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவரே கேட்டார்: "சுட்டு முடிஞ்ச பிறகு அதை என்ன செய்வினம்?"

நான் வாசித்ததைச் சொன்னேன். சுட்டு முடிந்ததும் குழலில் சன்னம் இல்லை என்று காட்ட வேண்டும். பின்பு செம்மஞ்சள் போன்ற கண்ணைப் பறிக்கும் நிறமுள்ள ஒரு நீண்ட நாடாவைக் குழலுக்குள் செலுத்த வேண்டும். அது குழலின் முழு நீளத்துக்கும் போய், மறுமுனையில் வெளியே தெரிய வேண்டும். நாடா உள்ளே போயிருந்தால் குழலில் சன்னம் இருக்க முடியாது. தூரத்தில் நிற்பவருக்கும் அது தெரியும். போட்டிக்கு முன்னும் பின்னும், பெட்டியில் வைக்கும்போதும் வெளியே எடுக்கும்போதும் அந்த நாடா இருக்க வேண்டும். உலகச் சாம்பியனுக்கும் இதில் விதிவிலக்கு இல்லை. நாடா போட்டதன் பின்னர்தான் மற்றவர்கள் முன்னே நடந்து போகலாம்.

அக்கா அதை ஒருமுறை மறுபடியும் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"அப்ப, துவக்கு வெறுந்துவக்கு எண்டு எல்லாருக்கும் காட்டிப்போட்டுத்தான் வைக்க வேணுமோ?"

"ஓம் அக்கா."

"நல்ல சட்டம்" என்றார். பின்பு எழுந்து, உலையில் வைத்த அரிசி பொங்கிவிட்டதா என்று பார்க்கக் குசினிக்குள் போனார்.